அந்தப் படத்தில் மனைவிக்கு இரண்டு காட்சி

அந்தப் படத்தின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. நடித்தவர்கள் யாரென்பது அப்போதே தெரியாது. லண்டனில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் இருந்த ஒரு பழைய தியேட்டரில், பெரிய குதிரைச் சண்டைப் படம் ஒன்றுக்கு முன்னால் இதை ஓட்டினார்கள். இது முடியும்வரை பாதி ஜனங்கள் வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார்கள். குதிரைப் படம் தொடங்கும்போதுதான் உள்ளே வருவார்கள். நான் இந்தச் சின்னப் படத்தை மூன்று நாளில் மூன்று தடவை பார்த்தேன். குதிரைப் படத்தை ஒரு தடவைகூட முழுதாகப் பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் நிலைமையை முதலில் சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. நானும் என் கணவரும் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர் அங்கே ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். சிங்கப்பூரில் போலீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார், கிடைத்துவிட்டது. பயிற்சி முடிந்ததும் என்னையும் எங்கள் மகளையும் அழைத்துக்கொண்டார். மகளுக்கு அப்போது நாலு வயது. போலீஸ் குடியிருப்பில் ஓர் அறையும் சமையல்கட்டும் கொடுத்தார்கள். நாங்கள் பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் பெரிய அதிகாரி ஒருவர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தாராம். இந்த ஊரில் உனக்குத் தெரிந்தவர்கள் யார்? யாருமில்லை. சொந்தக்காரர்கள்? யாருமில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அப்படிப்பட்ட ஆள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு வீடு மாறுறோம். ஜாலான் புசார்ல ஒரு மாடி ரூம். நீயும் பாப்பாவும்தான் இருப்பீங்க. யாராவது கேட்டா, வீட்டுக்காரர் குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணின்னு சொல்லு. மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார்னு சொல்லு."

"நீங்க எங்க இருப்பீங்க?"

"இந்த ஊர்லதான்."

"இந்த ஊர்ல எங்க?"

அவர் துண்டில் கையைத் துடைத்துவிட்டு, "வெளியில எங்க என்னைப் பார்த்தாலும் தெரியாதவ மாதிரி போயிடணும். நான் யாரோட நின்னாலும் சரி. கீழ விழுந்து கெடந்தாலும் சரி" என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"அவங்க சொல்லல."

"பாப்பாகிட்ட என்ன சொல்றது?"

யோசித்தார். அதைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "அவ சின்னவதானே, மறந்துடுவா" என்றார். அப்புறம் எங்கள் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தன்னுடைய போலீஸ் உடுப்போடு சேர்த்துக் கட்டி எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

புது அறை, ஆணியும் சங்கிலியும் இரும்புக் குழாயும் விற்கிற ஒரு சீனர் கடைக்கு மேலே இருந்தது. மாடியைப் பலகைத் தடுப்பால் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். முன்பக்க அறையில் ஓர் ஆசிரியை தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவர், நாற்பது வயதைத் தாண்டியவர். ஆங்கிலப் பள்ளியில் வேலை. அவருடைய கணவரை ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் வேலைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அரிசி புடைத்துக்கொண்டே. நான் அவரை டீச்சர் அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் "பிள்ளை".

என் கணவர் முதல் இரண்டு மாதத்தில் மூன்று தடவை வந்தார். விடியற்காலையில், கீழே கடை திறப்பதற்கு முன்னால் வருவார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியிருந்தார். முதலில் தாடி. பிறகு கட்டம்போட்ட சாரோங். பிறகு பீடி நாற்றம், அதோடு சம்சு என்று சொல்வார்களே, அந்தத் திருட்டுச் சாராயத்தின் நாற்றம். பேச்சும் மாறியிருந்தது. குழந்தையின் முன்னால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, அதைச் சொன்னதே தெரியாமல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். எதைச் சொன்னால் அவர் வேலைக்கு இடைஞ்சல், எதைச் சொன்னால் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன்.

ஒரு பள்ளி விடுமுறை நாளில் டீச்சர் அக்கா கதவைத் தட்டினார்.

"என்ன பிள்ளை, எந்த நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறீர்? வாரும், பகல் ஷோவுக்குப் போவம். குழந்தையையும் தூக்கிக்கொண்டு வாரும்."

அப்படித்தான் போனேன். நான் ஈப்போவில் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். ஆங்கிலம் கடைப் பலகை படிக்கிற அளவுக்குத்தான். திரைக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு திரை வைத்துச் சீன எழுத்தைக் காட்டினார்கள். தமிழுக்கு ஏது? டீச்சர் அக்காதான் காதில் சொல்லிக்கொண்டு வந்தார். முன் வரிசையில் குவாச்சி என்கிற உப்பு விதையைக் கொறிக்கிற சத்தம். மகள் என் மடியில் தூங்கிவிட்டாள்.

திரையில் ஒரே பனிமூட்டம். மெல்லிய மீசை வைத்த ஓர் இளைஞன் கசங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மதுக்கடைக்குள் போகிறான். அங்கே நாலைந்து பேர் சீட்டாடுகிறார்கள். விலையுயர்ந்த தோல் கோட்டுகளைக் களவாடி விற்கிற கூட்டம் அது. அவனும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறான்.

"இவன் உண்மையில பொலிஸ்காரன்," என்றார் டீச்சர் அக்கா. "அவங்களுக்கு அது தெரியாது. தானும் கள்ளன் எண்டு சொல்லி உள்ளுக்க போயிட்டான்."

எனக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. மகளின் தலைக்கு அடியில் இருந்த கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

இப்போது நினைத்தால் அது மிகவும் ஏழைப் படம் என்று தெரிகிறது. போலீஸ் அதிகாரியின் அறையும் திருடர் தலைவனின் அறையும் ஒன்றேதான். திரைச்சீலையை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒருவன் கோபமாகக் கதவைச் சாத்தியபோது சுவரே ஆடியது. கார் நின்றுகொண்டிருக்கும், பின்னால் தெரு மட்டும் ஓடும். டீச்சர் அக்கா இதையெல்லாம் காட்டிக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மீசைக்காரன் திருடர்களோடு சேர்ந்து சிரிக்கும்போதெல்லாம், இது பொய்ச் சிரிப்பா, நிஜச் சிரிப்பா என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ஒரு மனைவி உண்டு. அவளுக்கு இரண்டு காட்சி. முதல் காட்சியில் சமையலறையில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டே அவனிடம் ஏதோ கேட்கிறாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அதன் பிறகு ஒரு நாள் அவன் கூட்டாளிகளோடு தெருவில் போகும்போது, பழைய பழக்கமுள்ள ஒரு பழக்கடைக்காரன் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவன் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான்.

"போச்சு" என்றார் டீச்சர் அக்கா. "பேர் சொல்லிக் கூப்பிட்டிட்டான். இனி இவன் துலைஞ்சான்."

அவனைக் கட்டிப் போட்டு அடிக்கிறார்கள். கடைசி நிமிடத்தில் போலீஸ் கார்கள் மணியடித்துக்கொண்டு வந்துவிடுகின்றன. இரண்டாவது காட்சியில் மனைவி டெலிபோனை எடுக்கிறாள், கண்ணை மூடிக்கொள்கிறாள், பாட்டு வருகிறது, படம் முடிந்துவிட்டது.

"அதுக்கு நடுவுல அந்தப் பொண்ணு என்ன செஞ்சா? அவளுக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் காட்ட மாட்டினம், பிள்ளை. அவ்வளவுக்குக் காசில்லாமல் எடுத்த படம் இது." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உமக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?"

அடுத்த இரண்டு நாளும் மகளைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். வசனம் புரியாவிட்டாலும் கதைதான் தெரியுமே. அவன் எப்படி உட்கார்கிறான், எதற்குச் சிரிக்கிறான், பழக்கடைக்காரன் கூப்பிடுவதற்கு முன்னால் தப்பிக்க ஏதாவது வழி இருந்ததா என்று பார்த்தேன். என் கணவர் எனக்குச் சொல்லாததை எல்லாம் அந்தப் படம் சொல்லிவிடும் என்று நம்பினேன் போலிருக்கிறது. நாலாவது நாள் படத்தை மாற்றிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் அவர் வந்தபோது கேட்டுவிட்டேன். "யாராவது உங்களை நிஜப் பேரு சொல்லிக் கூப்பிட்டா என்ன செய்வீங்க?"

"யாரு சொன்னா உனக்கு இதெல்லாம்?"

படம் பார்த்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "அது வெள்ளைக்காரன் ஊரு. அங்க எல்லாரும் தொப்பி போட்டுக்கிட்டு அவனவன் வழியில போறான். இங்க நம்ம ஆளுங்க நடமாடுற தேக்காவுல பத்து அடி நடந்தா எவனாவது தோளைத் தட்டி, எந்த ஊரு, யாரு மகன்னு கேக்குறான். அவன் லண்டன்ல பொழச்சுட்டான். நான் இங்க என்ன செய்யிறது?" சொல்லி முடித்த பிறகுதான் என்னைப் பயமுறுத்திவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. "ஒண்ணும் ஆகாது" என்று இரண்டு தடவை சொன்னார். மகள் தூங்கி எழுவதற்குள் போய்விட்டார்.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை காலை. நானும் டீச்சர் அக்காவும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். வாசலுக்கு எதிரில் ஒரு காப்பிக் கடை, அதன் ஓரத்தில் ஒரு லாரி. லாரியின் நிழலில் நாலு பேர் குந்தியிருந்தார்கள். அதில் ஒருவர் என் கணவர். காப்பியைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் அப்படிக் குடித்ததே கிடையாது.

நான் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அதுவரை சரியாகத்தான் செய்தேன். மகள் என் கையை உதறிக்கொண்டு, "அப்பா!" என்று கத்தினாள்.

நாலு பேரும் நிமிர்ந்தார்கள். "அப்பா! அப்பா!" என்று குதித்தாள். அவள் அவரைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மூன்று தடவை அந்தப் படத்தைப் பார்த்தவள் நான். பழக்கடைக்காரன் வாயைத் திறக்கிற இடம் எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் என் கால் நகரவில்லை, வாய் திறக்கவில்லை. மீன் கூடையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக்கூட விலக்கத் தோன்றவில்லை.

டீச்சர் அக்கா குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார். அவர் என் கணவரை அதற்கு முன் கண்டதேயில்லை. ஒரு விநாடிதான். குனிந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உரத்த குரலில் அதட்டினார்.

"உன்ர அப்பா குளுவாங்கில எல்லோ இருக்கிறார்! காணுற ஆம்பிளையளை எல்லாம் அப்பா எண்டு கூப்பிடுறதே? வெக்கமில்லையோ?"

மகள் வீறிட்டு அழுதாள். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களில் வாட்டசாட்டமான ஒருவன், லாரி டிரைவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன், என் கணவரின் முதுகில் தட்டினான். "டேய், உன்னைத்தான் கூப்புடுது. பதில் சொல்லுலா."

என் கணவர் சாஸரைக் கீழே வைத்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னை, தெருவில் போகிற பெண்ணை ஆண்கள் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"எந்த ஊர்ல எவ பெத்ததோ, எனக்கென்ன தெரியும்?" என்றார்.

மறுபடியும் சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த டிரைவர் மட்டும் எழுந்து வந்தான். பக்கத்துக் கடையில் பொரித்த வாழைப்பழம் ஒன்று வாங்கி, ஊதி, மகளின் கையில் கொடுத்தான். "அழாதம்மா. இவன் மூஞ்சிக்கு அப்பா வேறயா? இந்தா, சாப்பிடு." என்னைப் பார்த்து, "சின்னப் புள்ளதானே, அடிச்சிடாதீங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போது டீச்சர் அக்கா பாதியில் நின்றார். "நான் ஒண்டும் கேக்க மாட்டன். நீரும் ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்றார். மீன் கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு அந்த மீனை அவர்தான் கழுவிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

மகள் அன்று முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "அது அப்பாதானே?" நான் "இல்லை" என்றேன். சாயங்காலம் வரை கேட்டாள். சாயங்காலம் வரை "இல்லை" என்றேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த மாதம் அவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. விடியற்காலையில் படியில் பூனை நடந்தால்கூட எழுந்து உட்கார்ந்தேன். மகள் கூப்பிட்ட ஒரு வார்த்தையால் அவரை எங்கேயோ கட்டிப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். போலீஸ் கார்கள் மணியடித்துக்கொண்டு வருமா? யாருக்கு நான் சொல்வது? வீட்டில் டெலிபோன் கிடையாது. இருந்தாலும் கூப்பிட எந்த எண்ணும் என்னிடம் இல்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, அவர் முதலில் சேர்ந்த போலீஸ் நிலையத்துக்குப் போனேன். போகக் கூடாதுதான். முகப்பில் ஒரு வயதான மலாய்க்காரர் இருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் கணவரின் பெயரைச் சொன்னேன். பதிவேட்டைத் திறந்து விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். இன்னொரு பக்கத்தையும் பார்த்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். முன்பு இருந்தாரே என்றேன். முன்பும் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தில் நிஜமாகவே பெயர் இல்லை; இந்த வேலைக்கு அனுப்பும்போதே எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. மரியாதையான மனிதர், நான் அழுததைப் பார்த்து ஒரு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காராமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து டீச்சர் அக்கா ஆங்கிலப் பத்திரிகையோடு என் அறைக்கு வந்தார். அவராகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை, துறைமுகத்துக் கிட்டங்கிகளில சாமான் களவெடுத்து லாரியில ஏத்தி விக்கிற கூட்டம் ஒண்டைப் பிடிச்சிட்டினம். எல்லாரையும் உள்ளுக்க போட்டிட்டினமாம். பிடிக்கேக்க கொஞ்சப் பேருக்கு அடி. பேர் எல்லாம் போட்டிருக்கு. வாசிக்கட்டே?"

"வாசிங்க அக்கா."

ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார். சீனப் பெயர்கள், மலாய்ப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர்கள் நாலைந்து. என் கணவரின் பெயர் அதில் இல்லை. அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என்ன பெயர் என்று தெரியாது. அவர் சொன்னதில்லை. அந்தத் தமிழ்ப் பெயர்களில் ஒன்று என் புருஷனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"இன்னொரு தரம் வாசிக்கட்டே?" என்றார் டீச்சர் அக்கா.

வாசித்தார். ஒவ்வொரு பெயரிலும் அவரை வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

அவர் வந்து சேர்ந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. பட்டப்பகலில், முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஓர் அதிகாரியோடு வந்தார். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. கூட்டத்தை வளைக்க வந்த சீருடைக்காரர்களுக்கு உள்ளே தங்கள் ஆள் இருப்பது தெரியாது. தெரிந்தால் விஷயம் வெளியே போய்விடும் என்று மேலிடத்தில் சொல்லவில்லையாம். மற்றவர்களுக்கு விழுந்த தடியடி அவருக்கும் விழுந்தது. மற்றவர்களோடு லாக்கப்பில் ஒரே பாயில் கிடந்தார். அந்தக் கை பிறகு சரியாகவே மூடவில்லை. டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடிப்பார். அதனால் அவரைப் பழைய கோப்புகள் வைக்கிற அறைக்கு மாற்றினார்கள்.

வழக்கில் அவர்தான் முக்கிய சாட்சி. கூண்டில் ஏறித் தன் நிஜப் பெயரைச் சொன்னபோது அந்த லாரி டிரைவர் நிமிர்ந்து பார்த்தானாம். "திட்டுவான்னு நெனச்சேன்," என்றார். "திட்டல. அவன் ரூம்லதான் மூணு மாசம் படுத்திருந்தேன். காய்ச்சல் வந்தப்ப அவன்தான் கஞ்சி வாங்கிக் குடுத்தான்." அவனுக்கு ஐந்து வருடம் கொடுத்தார்கள். தீர்ப்பு வந்த நாளில் சக போலீஸ்காரர்கள் இவரைப் பாராட்டிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுபடியும் போலீஸ் குடியிருப்புக்கே போனோம். மகள் அவரோடு விளையாடினாள், அவர் ஊட்டினால் சாப்பிட்டாள். ஆனால் அப்பா என்று கூப்பிடவில்லை. "அவர் கூப்பிடுறாரு" என்பாள். "அவருக்குக் காப்பி வேணுமாம்" என்பாள். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று இருந்தோம்.

அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் வருடம் ஒரு நாள் நல்ல மழை. வேலை முடிந்து அவர் குடையோடு நேராகப் பள்ளிக்குப் போனார். வராந்தாவில் நின்ற ஆசிரியை மகளிடம், "அது யாரு, உங்கப்பாவா?" என்று கேட்டார். மகள் அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, "தெரியாது டீச்சர்" என்றாளாம். பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்கு வந்து, குடையைச் சுருக்கி மூலையில் வைத்துவிட்டு, "நீ போய்க் கூட்டிட்டு வா" என்றார். ஆசிரியை சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

வரும் வழியில் மகளிடம் கேட்டேன். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "வெளியில யாராவது கேட்டா அப்படித்தானே சொல்லணும்?"

"இப்ப அப்படிச் சொல்ல வேண்டாம்மா. இப்ப அவர் அப்பாதான்."

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

நான் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் நானும் ஒன்றைக் கேட்டுவிட்டேன். மார்க்கெட்டில் குழந்தை கூப்பிட்டதால் அவருக்கு ஏதாவது ஆபத்து வந்ததா? அவர்கள் சந்தேகப்பட்டார்களா? "இல்ல" என்றார் உடனே. அப்படியானால் இரண்டு மாதம் ஏன் வரவில்லை? "வேலை இருந்துச்சு" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த முகத்தை வைத்து நான் என்ன கண்டுபிடிக்க முடியும்? அதற்குத்தானே அவரைப் பழக்கினார்கள்.

அறுபதுகளின் நடுவில் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. டீச்சர் அக்கா அதற்கு முன்பே ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார். இரண்டு கிறிஸ்மஸுக்குக் கடிதம் போட்டார்; பிறகு வரவில்லை. மகள் ஆறாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் "அப்பா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். வெளியே போனால், அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேச்சை நடத்திவிடுவாள். அவரும் அதைப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"சிராங்கூன் ரோடு பஸ் ஸ்டாப்புல அவனைப் பார்த்தேன்" என்றார்.

"யாரை?"

"டிரைவரை. தலை எல்லாம் நரைச்சுப் போச்சு. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டேன். அவனா வந்து பக்கத்துல நின்னான்."

"என்ன சொன்னான்?"

"அன்னிக்கு மார்க்கெட்ல அழுதுச்சே, அது உன் புள்ளையான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். பஸ் வருதான்னு ரோட்டைப் பார்த்தான். அப்புறம், படிக்குதான்னு கேட்டான். படிக்குதுன்னேன். பஸ் வந்துச்சு. ஏறிப் போயிட்டான்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன சொல்லுவான்?"

உள்ளே மகள் மேசையில் புத்தகங்களைப் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் அவற்றை ஒரு பக்கமாக நகர்த்தச் சொல்லித் தட்டு வைத்தேன். சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.